பயிற்சி முடித்த உடம்பை அருவிக்கடியில் நிறுத்தாதீர்கள்

கடந்த திங்கட்கிழமை காலையில் நாகர்கோவிலில் உள்ள என் இயன்முறை சிகிச்சை நிலையத்தைத் திறந்தபோது, ஒரே குழுவைச் சேர்ந்த மூன்று பேர் வெளியே காத்திருந்தார்கள். மூவரும் முந்தைய நாள் விடியற்காலையில் சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு மணி நேரம், பாய் விரித்து மெல்லிய அசைவுகளாகச் செய்யும் பிலாட்டீஸ் பயிற்சி செய்தவர்கள்; அந்தக் களைப்புத் தீர நேராகத் திற்பரப்புக்கு வண்டியை விட்டு, அருவிக்கடியில் முக்கால் மணி நேரம் நின்றவர்கள். ஒருவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இன்னொருவர் பாசி படர்ந்த பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகி வந்திருந்தார். மூன்றாமவர் 58 வயதானவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அருவியை விட்டு வெளியே வந்ததும் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயிற்சியால் இவர்களுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. பயிற்சிக்குப் பின் ஓய்வு என்று நம்பிச் செய்த காரியமே மூவரையும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. இந்த ஆண்டில் இப்படி வருபவர்களுக்குத் தனித்தனியே சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

வார இறுதியில் வெட்டவெளியில் பயிற்சி செய்யும் வழக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். வாரம் முழுவதும் நாற்காலியில் குனிந்தே இருந்த முதுகுக்குப் பிலாட்டீஸ் மிகவும் நல்லது. பார்வைக்கு அது மென்மையானது. ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, வியர்வையும் அதிகம் இல்லை. ஆனால் தூக்கிய காலை மெல்ல இறக்குவது, முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தரையில் படியவைப்பது என்று, தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அசைவுகள் அதில் நிறைய உண்டு. மலை ஏறுவதைவிட இறங்குவது தொடையை அதிகம் வலிக்கச் செய்வதும் இதே காரணத்தால்தான். கால் புதையும் மணலில் பாய் விரித்துச் செய்தால் மணிக்கட்டும் இடுப்பும் கூடுதலாக உழைக்கின்றன. ஆகவே, வியர்க்கவே இல்லை, இன்னும் தெம்பு இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் அந்த நேரத்திலேயே தசைக்குள் பழுது பார்க்கும் வேலை தொடங்கிவிட்டிருக்கும்.

என்னை மிகவும் வருத்தும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். பயிற்சியின்போது தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடுகிறது, அதுதான் மறுநாள் வலியாக வருகிறது, அருவி நீரின் அடியோ வலுவான கையின் அழுத்தமோ அதை வெளியே தள்ளிவிடும் என்று படித்தவர்களும் உறுதியாக நம்புகிறார்கள். பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்களிலும் சிலர் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். இந்த எண்ணத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. களைத்துப்போன தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதை 1907இல் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தசையைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஹில், மையர்ஹாஃப் ஆகிய இருவருக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. உடம்பிலிருந்து பிரித்தெடுத்த தசையில் கண்டதை, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் மனிதருக்கும், அதிலும் மறுநாள் வரும் வலிக்கும், அப்படியே பொருத்திக்கொண்டதே தவறு.

உயிருள்ள உடம்பில் லாக்டிக் அமிலம் குப்பையாகக் கிடப்பதில்லை. இதயம் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. கல்லீரல் அதை மீண்டும் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சொத்தவிளையில் புறப்பட்ட உங்கள் வண்டி குலசேகரத்தைத் தாண்டுவதற்குள், நீங்கள் அருவியிடம் கொடுத்துத் தொலைக்க நினைத்த அமிலத்தை உங்கள் இதயமும் கல்லீரலும் செலவழித்து முடித்திருக்கும். தசைவலியோ 12 மணி நேரத்துக்குப் பிறகே மெல்லத் தலைகாட்டி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. ஞாயிறு காலை எட்டரைக்கே இல்லாமல் போய்விட்ட ஒரு பொருள் செவ்வாய்க்கிழமை வலியை எப்படிக் கொடுக்கும்? மகா சிவராத்திரியன்று சிவன் கோயில்களை ஓடியே சுற்றிவரும் சிவாலய ஓட்டம் ஓடியவர்கள், முடித்த அன்றைவிட அதற்கு மறுநாள்தான் கெண்டைக்கால் வலியோடு படியிறங்கத் திணறுவார்கள் என்பது நம் ஊரில் எல்லார் வீட்டிலும் தெரிந்த செய்தி. நுண்ணிய அளவில் கிழிந்த தசை நார்களும் அவற்றை ஆற்ற வரும் அழற்சியுமே அந்த வலிக்குக் காரணம். ஆறிக்கொண்டிருக்கும் இடத்தில் வலுவாக அடிப்பதும் பிசைவதும் எப்படி உதவும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திற்பரப்பில் கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பாறையில் பட்டுச் சிதறி வந்தாலும், தலையைக் குனிந்து பிடரியைக் காட்டி நிற்பவரின் கழுத்துக்கு அது கனமான, சீரற்ற, நீங்கள் கட்டுப்படுத்த முடியாத அடி. பிலாட்டீஸில் தலையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தே பல அசைவுகளைச் செய்வதால் கழுத்தின் முன்தசைகள் ஏற்கெனவே களைத்திருக்கும். களைத்த தசை அந்தப் பாரத்தைத் தாங்காமல் இறுகிக்கொள்ளும். "வெள்ளம் தோளில் விழும்போது நல்ல சுகமாக இருந்தது, சார்" என்றார், கழுத்துப் பிடித்து வந்தவர். சுகமாகத்தான் இருந்திருக்கும், குளிர்ச்சியும் தோலில் படும் அழுத்தமும் அந்த நேரத்துக்கு வலி உணர்வைக் குறைத்துக் காட்டும். அதோடு, பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் ரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்திருக்கும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் தாழும். வெறும் வயிற்றோடும் வறண்ட தொண்டையோடும் அங்கே போய் நிற்காதீர்கள். அருவிக்குப் போக ஆசையா? இன்னொரு நாள் போங்கள். அன்றே போவதானால் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனையுங்கள்.

கடலுக்கும் இதைவிடக் கண்டிப்பாகவே சொல்வேன். பயிற்சி முடிந்த கையோடு, வேர்வை போக ஒரு முங்கு என்று அலைக்குள் இறங்குகிறார்கள். தொடையும் வயிறும் களைத்திருக்கும்போது, காலடி மணலை இழுத்துச் செல்லும் அலைக்கு எதிராக ஊன்றி நிற்கும் பலம் குறைந்திருக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர்கள் அலையில் சிக்கி இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் திடீரெனப் பொங்கும் பேரலை குறித்த எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. கடற்கரையில் பயிற்சி செய்யலாம், கடலுக்குள் இறங்க வேண்டாம்.

வலுவாகத் தடவிவிடச் சொல்லிப் படுப்பவர்களுக்கும் ஒரு சொல். வர்மமும் தடவுமுறையும் நம் மண்ணின் அறிவு, அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. எனக்குப் பழக்கமான ஆசான்மார், நேற்று என்ன செய்தாய் என்று கேட்காமல் உடம்பில் கைவைப்பதில்லை. அப்படிக் கேட்காதவரிடம் அன்றைய தினம் முதுகைக் கொடுக்காதீர்கள். மென்மையான தடவல் தசைவலியின் கடுமையைச் சற்றுக் குறைக்கும்; வலியில் நீங்கள் பல்லைக் கடிக்க நேர்ந்தால் அது மென்மையான தடவல் இல்லை.

அப்படியானால் உடம்புக்கு என்னதான் பரிசு கொடுப்பது என்று கேட்கிறீர்கள். பயிற்சி முடிந்ததும் பாயைச் சுருட்டாமல், அதே பாயில் முழங்காலை மடக்கிப் பத்து நிமிடம் மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல நீளமாக விடுங்கள். பலர் தவறவிடும் பத்து நிமிடம் இதுதான். பிறகு நிழலில் சிறிது நடங்கள். ஒரு கருக்கு (இளநீர்) வெட்டிக் குடியுங்கள். பருவமானால் அக்கானி (பதநீர்) குடிக்கலாம், சர்க்கரை நோயாளிகள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். இன்சுலினோ சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் கழித்தும், இரவிலும்கூட, சர்க்கரை தாழக்கூடும்; அவர்கள் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. பீர் குடித்துக் கொண்டாடும் இளைஞர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அன்றைக்காவது வேண்டாம். மது தசை ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

சாப்பாட்டில் நான் கறார் பிடிப்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் மிதமாக ஒரு மணி நேரம் பிலாட்டீஸ் செய்தால் ஏறத்தாழ 180 கலோரி செலவாகும். 100 கிராம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸில் சுமார் 500 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். புட்டும் பயறும், கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் இருக்கும் ஊரில் புரதத் தூள் டப்பாவுக்கு அவசியமே இல்லை. ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் கிடைத்தால் போதும்; ஒரு முட்டையில் 6 கிராம், மீனும் பயறும் மீதியைத் தந்துவிடும். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் குளித்து, மதியம் அரைமணி நேரம் கண்ணயர்ந்து, இரவு நேரத்தோடு படுத்துவிடுங்கள். இந்தப் பயிற்சியை வகுத்த ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் வெளியிட்ட நூலில், நல்ல தூக்கத்துக்கு அமைதியும் இருட்டும் நல்ல காற்றும் மனச்சாந்தியும் தேவை என்று தனியாகவே எழுதியிருக்கிறார். அவருடைய அசைவுகளைப் படிக்கும் நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறோம்.

மறுநாள் தசைவலி வந்தால் பயப்படாதீர்கள், மெல்ல நடங்கள். மூன்று, நான்கு நாட்களில் தானாக அடங்கும். ஆனால் கை அல்லது கால் மரத்துப்போனாலோ, கழுத்துவலி கையில் இறங்கினாலோ, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, நெஞ்சில் பாரம் தெரிந்தாலோ, என்னிடம்கூட வராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.