பிரவுன் பெட்டி போதும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு

மறுபடியும் ஒரு பிரவுன் பெட்டி. பேக்கரி ஒன்றின் பேக்கேஜிங்கை மாற்றி வடிவமைத்த மாணவர் குழு, கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தது. நல்ல எழுத்துரு, சணல் கயிறு, மூடியில் கோதுமைக் கதிர். ஓரத்தில் ‘முழுக்க முழுக்க இயற்கைக்கு உகந்தது’ என்று ஒரு முத்திரை வேறு. வெண்ணெய் பிஸ்கட் ஒன்றை உள்ளே வைத்து மூடினேன். மறுநாள் காலை, அடிப்பக்கத்தில் பிஸ்கட் அளவுக்கு வட்டமாக எண்ணெய் ஊறியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், பின்னால் என் விரல் நிழலாடுகிறது.

உணவுப் பேக்கேஜிங்கைப் பரிசோதிப்பது என் பிழைப்பு. மாணவர் வேலை என்றால் ஆசையாகத்தான் பிரிப்பேன். ஆனால் ஆளாளுக்கு அதே பதிலைச் சொல்லும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்? “காகிதம்தானே, பாதுகாப்பு. தானாக மக்கிடும்.”

எந்தக் காகிதம்? பூச்சில்லாத கிராஃப்ட் காகிதம், அதாவது இந்தப் பிரவுன் காகிதம், எண்ணெயையும் தாங்காது, ஈரத்தையும் தாங்காது. ‘இது தாங்கும்’ என்று விற்பவர் சொன்னால், அதன்மேல் என்னவோ பூசியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். ஓரத்தை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். காகித நார் பிரிந்த பிறகும் மெல்லிய சவ்வு ஒன்று இழுபடும். அந்தச் சவ்வு மக்காது, மறுசுழற்சிக்கும் இடைஞ்சல்.

சவ்வே இல்லாமல் எண்ணெய் தாங்குகிறதா? அப்போது இன்னும் கவனமாகக் கேளுங்கள். பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களை நெடுங்காலம் இதற்காகவே பயன்படுத்தினார்கள். மண்ணிலும் உடம்பிலும் லேசில் சிதையாதவை. காகித உணவு உறைகளில் இவற்றை டென்மார்க் 2020 ஜூலையில் தடை செய்தது. அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கான விற்பனை நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது.

அடுத்து வருவார்கள், ‘சோளத்திலிருந்து செய்த பிஎல்ஏ பூச்சு’ என்று. அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். ஒழுங்காக மக்க 58 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு காக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். வீட்டு உரத்தொட்டியில் போட்டால் போட்டபடி கிடக்கும். ‘மக்கும்’ என்று அச்சடிப்பதற்கு முன், எங்கே மக்கும் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்களேன்.

மறுசுழற்சி அட்டையில் வேறு வம்பு. பழைய செய்தித்தாள் மையிலிருக்கும் கனிம எண்ணெய் அட்டைக்குள் தங்கி, ஆவியாகி உணவில் ஏறும். ‘உள்ளே ஒரு பட்டர் பேப்பர் போட்டுவிடுகிறோம்’ என்பார்கள். எண்ணெய்க் கறைக்கு அது போதும், ஆவிக்குப் போதாது. உணவு நேரடியாகப் படலாம் என்று எழுத்தில் சான்று தராதவரிடம் அட்டை வாங்காதீர்கள். வாய்வார்த்தை சான்றாகாது.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே மாதிரிப் பெட்டி என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். கேக்கையும் பிஸ்கட்டையும் ஒன்றாக மூடினால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டில் ஏறி, பிஸ்கட் நமுத்துவிடும். ரொட்டி அடுப்பை விட்டு வரும்போது உள்சூடு 95 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆறவிடாமல் பையில் கட்டினால் வியர்த்து, பூசணம் பிடிக்கும். மொறுமொறுப்பான மேலோடு உள்ள ரொட்டியை இறுக்கி மூடினால், அந்த மொறுமொறுப்பு அன்றைக்கே போச்சு. இதையெல்லாம் பேக்கரிக்காரர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்பதில்லை.

வண்ணம் தேர்வதற்கு முன் பேக்கரியில் ஒரு காலைப்பொழுது முழுக்க நில்லுங்கள். பெட்டி மடிப்பவரின் கையைப் பாருங்கள். வரிசை நீளும்போது, ஒரு கையில் இடுக்கியை வைத்துக்கொண்டு, உங்கள் ஏழு மடிப்புப் பெட்டியை அவர் எப்படி மடிப்பார்? மடிக்காத அட்டைகளை எங்கே அடுக்குவார்? அடுக்கு என்றதும் அச்சகத்து விஷயம் ஒன்று: அச்சான தாள்களை அடுக்கும்போது ஒன்றின் வெளிப்பக்க மை அடுத்ததன் உட்பக்கத்தில் ஒட்டும். உணவு படுவது அந்த உட்பக்கத்தில்தான்.

உட்பொருள், ஒவ்வாமை தரும் பொருள்கள், தேதி எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள் வகைகள் மட்டும் 14. விற்கும் இடத்திலேயே முன்கூட்டிக் கட்டிவைக்கும் உணவுக்கும் முழு உட்பொருள் பட்டியல் வேண்டும் என்று பிரிட்டனில் 2021 அக்டோபரில் சட்டமே வந்துவிட்டது. ‘அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மெழுகுப் பூச்சின்மேல் ஸ்டிக்கர் நிற்காது, உரிந்து விழும்.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைக் காலியாக வாங்காதீர்கள். பண்டத்தை உள்ளே வைத்து வாங்கி, அலமாரியில் வையுங்கள். மூன்றாம் நாள் திறந்து பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்.