மண்டையோட்டைத் துளைக்கும் வெளிச்சம்

"குளிர் இன்னும் விடவில்லை, மரத்தில் ஒரு தளிர்கூட இல்லை. அதற்குள் தோட்டத்துக் குருவிகள் பாட ஆரம்பித்துவிட்டன. வசந்தம் வரப்போவது அவற்றுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிகிறது? அந்த முன்னறிவை அவற்றிடமிருந்து நாம் கற்க முடியாதா?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர்.

பறவைக்கு வருங்காலம் தெரியும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. சகுனம் பார்ப்பதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான். உண்மையில் குருவி எதையும் முன்னறிவதில்லை. அது அளக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய அதிசயமாகப் படுகிறது.

எதை அளக்கிறது? பகலின் நீளத்தை. வெப்பத்தை நம்ப முடியாது; ஒரு வாரம் வெயில் காயும், அடுத்த வாரமே பனி கொட்டும். பகல் நீளம் அப்படி ஏமாற்றாது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் அது மாறினாலும், ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அதே அளவுதான். 1920களில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோவன் இதைச் சோதித்துப் பார்த்தார். உறைகுளிரில், திறந்தவெளிக் கூண்டில் ஜன்கோ என்ற சிறு பறவைகளை அடைத்து, மின்விளக்கால் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். நடுக்குளிர்காலத்தில் அவற்றின் விரைகள் வசந்தகால அளவுக்கு வளர்ந்துவிட்டன. மற்ற மாதங்களில் சுருங்கிக் கிடக்கும் இந்த உறுப்புகள் நூறு மடங்குக்கு மேலும் வளர வேண்டியிருப்பதால், வேலையை முன்கூட்டியே தொடங்கினால்தான் முடியும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. பகலை அளக்கக் கண்தானே வேண்டும்? 1930களில் பிரான்சின் ழாக் பென்வா, பார்வை நீக்கப்பட்ட வாத்துகளுக்கு நீண்ட பகலைக் கொடுத்தார். அவற்றின் விரைகளும் வளர்ந்தன! குவார்ட்ஸ் தண்டு வழியாக ஒளியை மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதிக்கே நேராகச் செலுத்தியும் பார்த்தார், அதுவும் பலித்தது. பிறகு அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர் குழுவினர் இன்னும் எளிய வழி கண்டார்கள். சில சிட்டுக்குருவிகளின் உச்சந்தலை இறகுகளைப் பிடுங்கினார்கள். வேறு சிலவற்றின் தலைத்தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தினார்கள். மங்கலான ஒளியில், இறகு நீங்கியவை வசந்தத்துக்குத் தயாராயின. மை செலுத்தியவை தயாராகவில்லை, அவற்றின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தும்!

இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் சதை சிவந்து ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். குருவியின் மெல்லிய மண்டையோட்டையும் ஒளி அப்படித்தான் கடக்கிறது. அதை வாங்கிக்கொள்ள மூளையின் ஆழத்திலேயே ஒளியுணர் புரதங்கள் இருக்கின்றன. காடையின் மூளையில் அவற்றுள் ஒன்றான ஆப்சின் 5 இப்படி வேலை செய்வதை ஜப்பானின் தகாஷி யோஷிமுரா குழு 2010இல் காட்டியது.

ஒளியை உணர்ந்தால் போதாது, நேரத்தையும் பார்க்க வேண்டும். குருவியின் உடலிலுள்ள நாள்-கடிகாரம், விடிந்து 12 முதல் 16 மணி நேரம் வரை ஒரு கதவைத் திறந்து வைக்கிறது என்று கொள்ளலாம். குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். பகல் நீளும்போது மாலை வெளிச்சம் அந்த வேளையில் விழுகிறது. காடைகளுக்கு ஆறு மணி நேரப் பகலைக் கொடுத்து, இந்த வேளையில் மட்டும் சில நிமிடம் விளக்கேற்றினால் போதும், அவை அதை நீண்ட பகலாகவே கொள்கின்றன. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும். அது தைராய்டுக்குப் போகாமல் மூளைக்குள்ளேயே ஏறி, தைராய்டு ஹார்மோனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும். மற்றவை பள்ளிப் பாடத்தில் உள்ள இனப்பெருக்க ஹார்மோன்களே; குருவியைப் பாட வைப்பதும் அவைதான்.

இந்த அளவியின் நுட்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பனாமாக் காட்டின் புள்ளி எறும்புப் பறவை 17 நிமிட வேறுபாட்டைக்கூட உணர்கிறது.

வாத்துத் தலைக்குள் விளக்குப் பிடிப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று பென்வாவிடம் கேட்டிருந்தால், அன்று அவரிடம் பதில் இருந்திருக்காது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று ஆய்வு நிதியைப் பூட்டி வைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் இன்று இந்த அறிவு நமக்கு அவசியமாகிவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஓர் ஈப்பிடிப்பான் இனம், பகல் நீளத்தைப் பார்த்து நெதர்லாந்துக்குக் கிளம்புகிறது. அங்கே காலநிலை சூடேறியதால் அதன் குஞ்சுகளுக்கு இரையாகும் கம்பளிப்புழுக்கள் முன்னதாகவே பெருகி முடிந்துவிடுகின்றன. சென்று சேர்ந்தபின் முட்டையிடுவதைக் கொஞ்சம் முன்தள்ளலாம்; கிளம்பும் நாளை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. புழுக்கள் மிக முந்திக்கொண்ட காடுகளில் இப்பறவைகள் சுமார் 90 விழுக்காடு குறைந்தன என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முன்னறிவு இருந்திருந்தால் இப்படி நேருமா?

இரவு விளக்குகளும் இந்த அளவியைக் குழப்புகின்றன. ஜெர்மனியில் பிளாக்பேர்ட் பறவைகளை இரவில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில், அதாவது ஏறத்தாழ முழுநிலவின் ஒளியில் வைத்தபோது, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னதாகவே வளர்ந்தன. அந்தச் சமயத்தில் குஞ்சு பொரித்தால் ஊட்டப் புழு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கூடு கட்டும் மரத்தைப் பார்த்து எரியும் விளக்கு உங்கள் வீட்டில் இருந்தால் இரவில் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாதென்றால், தரையில் மட்டும் வெளிச்சம் விழும்படி திருப்பி வையுங்கள்.