அடியில் முத்திரை இருந்தாலே அது கெட்டி வெள்ளி ஆகிவிடாது

போன வாரம் இன்னொரு தேநீர்க் கெண்டி வந்தது. மூக்கு நுனி, மூடிக் குமிழ், வயிறு புடைத்த பக்கம் மூன்றிலும் வெள்ளி தேய்ந்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் வெளியே தெரிந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் யாரோ அமிலத் துளி விட்டுச் சோதித்திருக்கிறார்கள். பச்சையாகப் பொங்கிய தழும்பு, இனி போகாது. "கெட்டி வெள்ளிதானே, தேய்த்தால் என்ன ஆகும் என்று பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்" என்றார் கொண்டுவந்தவர். எப்படிக் கெட்டி வெள்ளி என்று தெரியும் என்று கேட்டேன். கெண்டியைத் திருப்பி அடியைக் காட்டினார். சின்னச் சின்னக் கேடயங்களுக்குள் நான்கு முத்திரைகள்.

பழைய வெள்ளிச் சாமான்களைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் என் தொழில். இந்த நான்கு கேடயங்களை நம்பிப் பாழான சாமான்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த நான்கு கேடயங்களுக்குள் இருந்தவை ஈ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். பழைய கோதிக் வடிவத்தில், ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில். நிக்கல் சில்வர் என்ற உலோகத்தின் மேல் மின்முலாம், அதாவது மின்சாரம் செலுத்தி மெல்லிய வெள்ளிப் பூச்சு, பூசியது என்பதுதான் அவற்றின் பொருள். நிக்கல் சில்வர், ஜெர்மன் சில்வர் எல்லாம் ஒன்றுதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி துளியும் கிடையாது. எழுத்துகளைச் சேர்த்துப் படிக்காமல் தனித்தனி முத்திரையாகப் பார்ப்பதால்தான் "நாலு முத்திரை இருக்கிறதே" என்ற எண்ணம் வருகிறது. கடைசி இரண்டு எழுத்து என், எஸ்-க்குப் பதில் பி, எம் என்று இருந்தால், அடியில் இருப்பது பிரிட்டானியா உலோகம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த மென்மையான கலவை அது. அதை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது, உருகி வழிந்துவிடும். ஏ ஒன்று என்று பொறித்திருந்தால், முலாம் தரமானது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. அவ்வளவுதான்.

சரி, கெட்டி வெள்ளிக்கு இங்கிலாந்தில் என்ன முத்திரை? நடக்கும் சிங்கம். 92.5 விழுக்காடு வெள்ளி என்பதற்கு 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே அதுதான் அடையாளம். அதோடு எந்த ஊர் மதிப்பீட்டு அலுவலகம் சோதித்தது என்பதற்கு ஒரு குறி: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, தயாரிப்பாளரின் முதலெழுத்துகள். இவற்றில் சிங்கம் இல்லையென்றால் ஆங்கிலேயக் கெட்டி வெள்ளி என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் குழப்பம் முழுவதும் வாங்குபவரின் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். முலாம் போட்ட கம்பெனிகள் தங்கள் குறிகளைக் கெட்டி வெள்ளி முத்திரை மாதிரியே வரிசையாக, கட்டங்கட்டமாக அடித்தார்கள். மின்முலாம் தொழிலையே தொடங்கி வைத்த பர்மிங்காம் எல்கிங்டன் குடும்பமும் அப்படித்தான் செய்தது. கேடயத்துக்குள் கம்பெனியின் முதலெழுத்துகள், மேலே ஒரு கிரீடம், பக்கத்தில் ஆண்டுக் குறி. 1841-லிருந்து எண், 1849-லிருந்து எழுத்து. கிரீடத்தைப் பார்த்ததும் ஷெஃபீல்டு என்று நினைக்கிறவர்கள் ஏராளம். முலாம் சாமானில் கிரீடம் அடிக்கக் கூடாது என்று பிற்பாடு நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் அடித்தவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சிக்கல். எல்கிங்டன் கம்பெனி கெட்டி வெள்ளிச் சாமான்களும் செய்தது. அவற்றில் முறைப்படி சிங்கமும் நங்கூரமும் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் பார்த்து இரண்டு பக்கமும் முடிவு கட்ட முடியாது. பெரிய பெயர் என்பதால் வெள்ளி என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு, எல்கிங்டன் என்றாலே முலாம்தான் என்று நினைத்துக் கெட்டி வெள்ளியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அடியில் நாலைந்து இலக்கம் இருந்தால் அது பெரும்பாலும் வடிவமைப்பு எண். 1847 என்று எண் இருந்ததும் அந்த ஆண்டில் செய்தது என்று சந்தோஷப்படாதீர்கள்.

இந்தக் குடும்பத்தின் கதை தெரிந்தால், முலாம் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் எல்கிங்டன் 1801-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே மாமன்மாரின் பட்டறையில் தொழில் பழகி, ஒன்றுவிட்ட சகோதரர் ஹென்றியோடு சேர்ந்து முலாம் வேலையில் இறங்கினார். அன்று தங்க முலாம் என்றால் பாதரசம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துச் சாமானில் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு முதலில் கை நடுங்கும், பிறகு உடம்பே ஒடுங்கும். பாதரசம் இல்லாத முறைக்கு 1836-லேயே எல்கிங்டன் காப்புரிமை வாங்கினார். இவர்கள் செய்ததில் நான் பெரிதாக மதிப்பது இந்த முயற்சியைத்தான், அழகான கோப்பைகள் எல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

திருப்பம் வந்தது ஒரு மருத்துவரால். பர்மிங்காமில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ரைட், வேதியியலாளர் ஷீலேயின் எழுத்தைப் படித்து, வெள்ளியின் சயனைடு உப்பு பொட்டாசியம் சயனைடு கரைசலில் கரையும் என்பதைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொட்டியில் மின்சாரம் செலுத்தியபோது வெள்ளி கெட்டியாக, சீராகப் படிந்தது. எல்கிங்டன்கள் அந்த உரிமையை வாங்கி 1840-இல் காப்புரிமையில் சேர்த்தார்கள். இன்றும் பல பட்டறைகளில் வெள்ளி முலாம் சயனைடு தொட்டியில்தான் நடக்கிறது.

பணம் போட வந்தவர் ஜோசையா மேசன், பேனா முள் செய்து சம்பாதித்தவர். 1842-லிருந்து 1861 வரை கூட்டாளி. அவருடைய முதலெழுத்தும் சேர்ந்த முத்திரை இருந்தால், சாமான் அந்தக் காலத்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியை நிறுவியவரும் அவர்தான். பாரிஸில் கிறிஸ்டோஃப்ல் என்ற நகைத் தொழிலதிபர் 1842-இல் இந்த முறைக்கு உரிமம் வாங்கினார். ஜெர்மனியில் இளைஞராக இருந்த வெர்னர் சீமன்ஸ் தமது முலாம் முறையைத் தம்பி மூலம் 1843-இல் எல்கிங்டனுக்கே விற்றார். மின்கலத்தை நம்பி இருந்த தொட்டிகளுக்கு 1844-இல் வுல்ரிச்சின் காந்த மின்னாக்கி வந்து சேர்ந்தது. மின்னாக்கியைத் தொழிற்சாலை வேலைக்குப் பயன்படுத்திய முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. 1865-இல் ஜார்ஜ் இறந்த பிறகு மகன்கள் தொழிலை நடத்தினார்கள். விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் வெற்றியாளர் ஏந்தும் தட்டு 1864-இல் இவர்கள் பட்டறையில் உருவானது. அருங்காட்சியகப் பொருள்களை மின்முலாமால் அச்சு அசலாக நகலெடுப்பதும் இவர்களுக்குக் கைவந்த கலை. 1880-இல் ரஷ்யா வரை போய்க் கிரெம்ளின் கருவூலத்தை நகலெடுத்தார்கள். அந்த நகல்களை அசல் என்று நம்பி என்னிடம் வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்கிங்டன் கரண்டியைக் காட்டி டைட்டானிக் கப்பலில் இருந்தது என்பார்கள், அந்த விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைட்டானிக்கை ஓட்டிய வைட் ஸ்டார் கப்பல் கம்பெனிக்கு எல்கிங்டன் சாமான் கொடுத்தது உண்மை. ஆனால் அதே வடிவம் அந்தக் கம்பெனியின் பல கப்பல்களுக்கும் போயிற்று. அந்தக் கம்பெனியின் கொடி முத்திரை இருக்கிறது என்பதற்காக ஒரு கரண்டி டைட்டானிக் கரண்டி ஆகாது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பராமரிப்பு. நல்ல முலாமின் கனம் ஏறக்குறைய 20 முதல் 30 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் துணியோடு எடுத்துக்கொண்டு போகிறது. துணி கறுப்பாகிறதே, அது அழுக்கு மட்டும் அல்ல, கந்தகத்தோடு சேர்ந்த உங்கள் வெள்ளி. பல்பொடி, பற்பசை, சாம்பல், இரும்பு நார் எதுவும் வேண்டாம். முக்கி எடுத்தால் பளபளக்கும் திரவங்களில் அமிலம் இருக்கும். கறுப்போடு சேர்த்து வெள்ளியையும் அரிக்கும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் போடும் முறையை எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். வெள்ளி அதில் குறையாது என்பது சரிதான். ஆனால் பூ வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கறுப்பும் போய், மேற்பரப்பு மங்கி, உருவமே சப்பையாகத் தெரியும். உள்ளே மெழுகோ தாரோ அடைத்த கத்திப் பிடிகளைத் தண்ணீரில் ஊறவைத்தால் பிடி கழன்று வரும்.

இளஞ்சூட்டு நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி, உடனே ஈரம் துடைத்தல். பெரும்பாலான நாள்களுக்கு இது போதும். கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். உப்புக் கிண்ணத்தில் உப்பை விட்டுவைக்காதீர்கள். ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவைக்காதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும். முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரிகிற பாத்திரத்தில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதில் சாப்பிடவே வேண்டாம்.

வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம் என்று உருக்கப் பார்க்கிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், வேண்டாம். கிடைக்கிற வெள்ளி எரிபொருள் செலவுக்கே காணாது. துத்தநாகப் புகை நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலில் தள்ளும்.

மறுமுலாம் போடலாமா? 19-ஆம் நூற்றாண்டு மின்முலாம் சாமான் என்றால் போடலாம், நல்ல பட்டறையில், பழைய முத்திரை மழுங்காமல். ஆனால் அடியில் செம்பு தெரிந்தால் நில்லுங்கள். அது பழைய ஷெஃபீல்டு பிளேட்டாக இருக்கலாம்: 1740-களில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறையில், வெள்ளித் தகட்டையும் செம்பையும் சூட்டில் ஒட்டவைத்துச் செய்தது. மின்முலாம் வந்ததும் மறைந்துபோன தொழில் அது. விளிம்பில் தெரியும் அந்தச் செம்புச் சிவப்பு அதன் வயதுக்குச் சாட்சி. அதன்மேல் புது முலாம் போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறார்கள். அப்புறம் நான் என்ன செய்ய முடியும்?

மூடிக்கிடக்கும் முலாம் பட்டறையையோ, அதை நடத்தியவரின் வீட்டையோ சுத்தம் செய்யும்போது பெயரொட்டு இல்லாத ஜாடியோ வெள்ளைக் கட்டிகள் நிறைந்த டப்பாவோ கிடைத்தால் திறக்காதீர்கள், முகராதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது சயனைடாக இருக்கலாம். அதோடு அமிலம் சேர்ந்தால் வரும் வாயு ஆளையே கொன்றுவிடும். அமில ஜாடிகள் பெரும்பாலும் அதே அலமாரியில்தான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, ஆபத்தான கழிவுகளை அகற்றும் துறையைக் கூப்பிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். எதையும் தேய்ப்பதற்கு முன், அமிலம் விடுவதற்கு முன், அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை முழுதாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். வயிறு, விளிம்பு, பிடி சேரும் இடம் மூன்றையும் சேர்த்து எடுங்கள், தேய்மானம் முதலில் அங்கேதான் தெரியும். அந்தப் படங்களைத் தெரிந்தவரிடம் காட்டிப் பதில் வரும்வரை பாலிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள்.