பூசிவிட்டால் போதுமா?

1950களிலும் 60களிலும் எழுந்த கான்கிரீட் அடுக்குமாடி வளாகங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "பால்கனி அடியில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, பூசிவிட்டால் போதும்." அந்தக் 'கொஞ்சம்'தான் எனக்குப் பயம்.

அந்தக் காலக் கட்டடக் கலைஞர்கள் பலர் பூச்சு வேலை, அலங்காரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கான்கிரீட்டை அப்படியே வெளியே காட்டினார்கள். பிரான்சின் மார்சேய் நகரில் லெ கொர்புசியே வடிவமைத்து 1952இல் கட்டி முடிந்த யுனிதே தபித்தாசியோன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 337 வீடுகள், நடு மாடியில் கடைத்தெரு, மொட்டைமாடியில் மழலையர் பள்ளி. வார்ப்புப் பலகையின் தடம்கூடச் சுவரில் பதிந்து நிற்கும். 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்த வகைக் கட்டடங்கள் மேல் எனக்குத் தீராத பிரியம். ஆனால் மழையும் காற்றும் நேரே கான்கிரீட்டில்தான் படுகின்றன. நான் பார்த்த பலவற்றில் கவர், அதாவது உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், 15 மி.மீ.கூடத் தேறவில்லை.

நல்ல கான்கிரீட்டின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கும்போது பி.எச். 9க்கும் கீழே போய்விடும். இதுதான் கார்பனேஷன். இது போகப்போக மெதுவாகும்: முதல் 10 மி.மீ. இறங்க 15 வருடம் ஆனால், 20 மி.மீ. இறங்க ஏறக்குறைய 60 வருடம் ஆகும். திருப்பிப் பாருங்கள். கவர் பாதியாகக் குறைந்தால், கம்பியை எட்டும் காலம் கால்வாசியாகிவிடுகிறது. அப்புறம் ஈரம் சேர்ந்தால் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடிக்கிறது.

ஒரு வளாகத்தில் எங்களுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் கம்பியின் பின்புறம்வரை கொத்தவில்லை, துருவைத் தேய்க்கவில்லை. மேலே சிமென்ட் கலவையை அப்பி பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அந்த ஒட்டு அப்படியே பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் கழிந்திருந்தால் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போவார்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். ஒட்டைச் சுற்றிலும் உள்ளே பிடிப்பு விட்டுப்போன பொள்ளல் சத்தம். சோதித்ததில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு அதிகமாக இருந்தது. கான்கிரீட் சீக்கிரம் இறுகுவதற்குக் கால்சியம் குளோரைடு கலப்பது அந்நாளில் வழக்கம். அது இருக்கும் இடத்தில் வெறும் ஒட்டுப் போட்டால், அதன் விளிம்பை ஒட்டித் துரு இன்னும் வேகம் பிடிக்கும்.

அதனால் விலை பேசுமுன் மூன்று சோதனைகளைக் கேளுங்கள். கவர் மீட்டரால் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பது; துளையிட்ட தூளில் குளோரைடு பார்ப்பது; புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலின் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளிப்பது. காரம் இருக்கும் பகுதி ரோஜா நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. பூச்சு இல்லாத சுவர் என்றால், பழைய நிறத்துக்கும் தடத்துக்கும் ஒத்துவரும் மாதிரி ஒட்டு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது காய்ந்து நிறம் நிலைக்கும்வரை பொறுத்திருங்கள், அவசரப்பட வேண்டாம்.

இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. உங்கள் பால்கனிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். விளிம்பை ஒட்டி விரல் அகலத்தில் ஒரு பள்ளம் ஓடலாம். மழைநீர் அடிப்பக்கமாக உள்ளே ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடுவதற்காக விட்டது அது. பல வீடுகளில் பெயின்ட் அடிக்கிறவர்கள் அதைப் பட்டி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்திருந்தால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.