கிரிட்டிக்கல் ரேஸ் தியரி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளிகளில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற சண்டையில் ஓயாமல் அடிபடும் பெயர் இது. சுருக்கமாக சி.ஆர்.டி.

பிறந்தது பள்ளியில் அல்ல, சட்டக் கல்லூரியில். 1970களில் ஹார்வர்டு பேராசிரியர் டெரிக் பெல் போன்றவர்கள் கேட்டார்கள்: பாகுபாட்டைச் சட்டம் தடை செய்த பிறகும் ஏற்றத்தாழ்வு ஏன் தொடர்கிறது? இனவெறி என்பது சில கெட்டவர்களின் மனத்தில் மட்டும் இல்லை, சட்டத்திலும் நடைமுறையிலும் ஊறிக் கிடக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. எடுத்துக்காட்டாக, 1930களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை நகர வரைபடங்களில் சிவப்பில் குறித்தது. அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடன் குதிரைக்கொம்பானது. 1968இல் சட்டம் இதைத் தடை செய்தது. சரி, தாத்தாவால் வாங்க முடியாத வீடு பேரனுக்கு எப்படிச் சொத்தாக வரும்?

1989இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா முதலியோர் கூடிய பயிலரங்கில் இந்தப் பெயர் நிலைபெற்றது. 'கிரிட்டிக்கல்' என்பதற்கு வேர், பிரித்தறிவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஐ.சி.யூ. வாசலில் கேட்கும் 'கிரிட்டிக்கல்' வேறு. சமூக அமைப்பையே கேள்வி கேட்டு ஆராய்ந்த ஜெர்மனியின் பிராங்க்பர்ட் சிந்தனையாளர்களின் 'கிரிட்டிக்கல் தியரி' மரபு, சட்டத் துறை வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஆக, அடைமொழி 'ரேஸ்' என்பதற்கு உரியதல்ல, 'தியரி'க்கு உரியது. 'விமர்சன இனக் கோட்பாடு' என்று எழுதினால் 'விமர்சன இனம்' என்று ஒன்று இருப்பதுபோல் ஒலிக்கிறது.

'இனம்' இன்னும் சிக்கல். நமக்குப் பறவையும் இனம், தமிழரும் இனம். இலங்கையில் 'இனவாதம்' என்றால் சிங்களர், தமிழர் அரசியல்தான் நினைவுக்கு வரும். தோல் நிறம் வராது. 'நிறவெறி' என்றாலோ தென்னாப்பிரிக்கா முன்னால் வந்து நிற்கிறது.

சட்டக் கல்லூரிப் பொருள் ஒன்று என்றால், அரசியலில் இரண்டாவது பொருள் 2020 செப்டம்பரில் முளைத்தது. கிறிஸ்டோபர் ரூஃபோ என்ற பழமைவாதச் செயற்பாட்டாளர் தொலைக்காட்சியில் இதைத் தாக்கினார்; அதே மாதம் டிரம்ப் அரசு, கூட்டரசு ஊழியர் பயிற்சிகளில் இதற்குத் தடை போட்டது. மக்கள் எரிச்சலடையும் பலவற்றையும் இந்த ஒரே பெயரின்கீழ் கொண்டுவருவதே நோக்கம் என்று ரூஃபோ 2021இல் வெளிப்படையாகவே எழுதினார். அந்த ஆண்டு ஐடஹோ, ஓக்லஹோமா, டெக்சஸ் மாநிலங்கள் பள்ளிகளில் இதைத் தடுக்கச் சட்டம் இயற்றின. வேடிக்கை என்னவென்றால், ஓக்லஹோமா சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது. இனத்தின் பேரால் ஒரு மாணவர் குற்ற உணர்வு கொள்ள வேண்டும் என்று கற்பிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது.

"நாங்கள் சட்டக் கல்லூரிப் பாடம் நடத்துவதே இல்லை" என்பது ஆசிரியர்கள் பதில். பெயர் இல்லாவிட்டாலும் கருத்துகள் ஆசிரியர் பயிற்சி வழியாக உள்ளே வந்துவிட்டன என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ஒரே பெயரை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசுகிறார்கள்.

அதனால் என் பரிந்துரை இரண்டு. கல்வித்துறைக் கட்டுரையில் 'இனம் குறித்த திறனாய்வுக் கோட்பாடு' என்று எழுதலாம். தேர்தல் செய்தியில் மொழிபெயர்க்காமல், மேற்கோள் குறிக்குள் 'சி.ஆர்.டி.' என்றே விட்டுவிட்டு, அங்கே யார் எதைத் தடுக்கச் சொல்கிறார் என்பதை அடுத்த வரியில் எழுதிவிடலாம்.