ஜுன்செய் என்றால் ‘அசல்’ அல்ல

மச்சானின் டொயோட்டா அக்வாவுக்கு ஸ்பார்க் பிளக் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் டொயோட்டாவின் பெயர், அதன் கீழே நான்கு ஜப்பானிய எழுத்துகள். மற்றதில் டென்சோ என்ற பெயர் மட்டும். மச்சான் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கமராவை முதற்பெட்டியின் மேல் பிடித்தார். ‘தூய பாகங்கள்’ என்று திரையில் வந்தது. “அது அசல், மற்றது டூப்ளிகேட்” என்றார் கடைக்காரர். நான் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் டென்சோ என்றே அச்சாகியிருந்தது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை பழைய ஜப்பான் வண்டிகளையே பாகம் மாற்றி மாற்றி ஓட்டினோம். அந்தக் காலத்தில் இந்த ‘அசல்’ என்ற சொல் நன்றாக வேர்பிடித்துவிட்டது.

அந்த நான்கு எழுத்துகள் ‘ஜுன்செய் புஹின்’. புஹின் என்றால் உதிரிப்பாகம். ஜுன் என்றால் கலப்பற்றது. தூய தங்கம் ஜுன்கின். செய் என்றால் முறையானது, சரியானது. வாகனத் தொழிலில் இரண்டும் சேர்ந்து, வண்டியைச் செய்த நிறுவனம் தன் பெயரிலும் தன் பாக இலக்கத்திலும் விற்கும் பொருளைக் குறிக்கின்றன. யார் செய்தார் என்பது அங்கே கேள்வி இல்லை. யார் பொறுப்பேற்கிறார் என்பதே கேள்வி. எதிர்ச்சொல் ‘ஷகாய்ஹின்’: ஷா நிறுவனம், காய் வெளி, ஹின் பொருள். டென்சோ 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்த நிறுவனம். அது செய்யும் பிளக் டொயோட்டாவின் பெட்டிக்குள் போனால் ஜுன்செய், தன் சொந்தப் பெட்டியில் வந்தால் ஷகாய்ஹின்.

‘தூய’ என்பதை ஒரு வரியில் தள்ளிவிடலாம். ‘ஜுன்செய் ஆயில்’ என்ற தகரத்தைத் ‘தூய எண்ணெய்’ என்று பெயர்த்தால், கலப்படமில்லாத எண்ணெய் என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

‘அசல்’ அப்படியல்ல, அது தமிழ்போலவே ஒலித்து ஏமாற்றுகிறது. அரபியிலிருந்து வந்தது என்பதற்காக அதை நான் வெறுக்கவில்லை. வந்த சொல் வேலை செய்தால் இருக்கட்டும். இங்கே அது வேலையைக் கெடுக்கிறது. பத்திரத்தில் அசலுக்கு எதிர் நகல். நிறுவனத்தின் பெட்டியை அசல் என்றவுடன் மற்றெல்லாப் பெட்டியும் நகல், அதாவது போலி, ஆகிவிடுகிறது. ஜப்பானிலோ வெளிநிறுவனப் பாகங்கள் வெளிப்படையாக, நல்ல பெயரோடு விற்கின்றன. அவற்றில் தரமானவற்றுக்கு ‘யூரியோ புஹின்’ என்று தனிப்பெயரே உண்டு. நல்ல பொருளைப் போலி என்று தள்ளிவிட்டு மச்சான் அதே பிளக்கிற்குக் கூடுதல் விலை கொடுத்தார். இன்னும் மோசமானது, மெய்யான போலி வரும்போது நம்மிடம் சொல் இருப்பதில்லை. போலிப் பெட்டியிலும் அந்த நான்கு எழுத்துகள் பளிச்சென்று அச்சாகியிருக்கும். நல்லதையும் கள்ளத்தையும் ‘டூப்ளிகேட்’ என்ற ஒரே கூடையில் போட்டவர் அப்போது எதை என்னவென்று சொல்வார்?

தமிழிலேயே இன்னோர் அசல் இருக்கிறது. அசலூர், அசலார் என்கிறோமே, அது அயல் என்ற பொருளில் வரும் அசல். அந்தக் கணக்கில் ‘அசல் பாகம்’ என்றால் அயலார் பாகம், சரியாக ஷகாய்ஹின்.

‘தயாரிப்பாளர் பாகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் பொருந்தாது, பிளக்கின் தயாரிப்பாளர் டென்சோ. ‘வாகன நிறுவனப் பாகம்’, சுருக்கமாக ‘நிறுவனப் பாகம்’ என்போம். ஷகாய்ஹினுக்கு ‘வெளிநிறுவனப் பாகம்’. ஜப்பானியச் சொல்லின் எலும்பும் அதில் அப்படியே நிற்கிறது. கள்ளப் பொருளுக்குப் போலி என்ற சொல் போதும். பெட்டியின் எழுத்தைவிட இலக்கத்தைப் பாருங்கள். டொயோட்டாவின் பாக இலக்கம் ஐந்து, ஐந்தாகப் பிரிந்த பத்து இடங்கள் கொண்டது. 90919-01 என்று தொடங்கினால் பிளக், 90919-02 என்றால் இக்னிஷன் காயில்.

எழுத்தைப் பெயர்த்துத் தொழிலை விட்டுவிடும் பழக்கம் இதோடு நிற்கவில்லை. ‘ஜொஷுசெகி’ என்பது சாரதிக்குப் பக்கத்து இருக்கை. அதை ‘உதவியாளர் ஆசனம்’ என்று பெயர்த்து, காற்றுப்பை எச்சரிக்கையையே புரியாமல் செய்கிறார்கள். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும் ‘கெய்யு’வை ‘இலேசான எண்ணெய்’ என்கிறார்கள். கெய் என்றால் இலேசு, யு என்றால் எண்ணெய், உண்மைதான். ஆனால் கெய்யு டீசல். 660 சீசீக்கு உட்பட்ட சிறிய ‘கெய்’ கார்களோ பெரும்பாலும் பெற்றோலில் ஓடுபவை. பெயர் ஒத்திருப்பதால் ஜப்பானியர்களே கெய் காருக்குக் கெய்யு அடித்து எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். ‘இலேசான எண்ணெய்’ என்று படித்தவர் எந்தக் குழாயைப் பிடிப்பார்? டீசல் என்றே எழுதுங்கள்.