ஜப்தி வேறு, பறிமுதல் வேறு

"அரசுப் பேருந்து ஜப்தி" என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி. விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தரவேண்டிய இழப்பீடு கட்டப்படாமல் இருக்கும். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா பேருந்து நிலையத்துக்கே போய் வண்டியைப் பிடித்துவிடுவார். இதையே சிலர் 'பேருந்து பறிமுதல்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு.

ஜப்தி அரபுச் சொல்லான 'ஜப்த்' என்பதிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. இறுக்கிப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல் என்று பொருள். உருதுவில் மனசை அடக்குவதும் 'ஜப்த்'தான். அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து வரி விதித்த முறைக்கும் ஜப்தி என்றே பெயர். வசூல், ரசீது, ஜாமீன் எல்லாம் நம் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்ததும் பாரசீகம் வழியாகத்தான். அமீனாவும் அப்படி வந்தவர்தான். 'அமீன்' என்றால் நம்பிக்கைக்கு உரியவர். வீட்டுச் சாமானை எடுக்க வருகிறவருக்கு இந்தப் பெயர்!

பறிமுதல் நம் சொல்: பறி, முதல். முதல் என்றால் பொருள், உடைமை. பறித்த பிறகு உடைமை கைமாறிவிடுகிறது.

ஒரு காபி மெஷினை வைத்துப் பார்ப்போம். கடைக்காரர் கடனைக் கட்டவில்லை, வழக்கில் தோற்றார், மெஷினை நீதிமன்றம் பிடித்து வைக்கிறது. இது ஜப்தி. மெஷின் இன்னமும் அவருடையதே. பணத்தைக் கட்டினால் மீட்கலாம், ஏலம் போனாலும் கடன், செலவு போக மிச்சம் அவருக்கு. அதே மெஷின் வரி ஏய்த்துத் துறைமுகத்தில் இறங்கியிருந்தால் கதை வேறு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் அதிகாரி முதலில் கைப்பற்றுவார். விசாரித்துப் பறிமுதல் உத்தரவு போட்டால், 126ஆம் பிரிவின்படி அது மத்திய அரசின் சொத்து. அதற்குப் பதில் அபராதம் கட்டி மீட்க 125ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. ஆக, சுங்கத்தில் பிடிபட்ட அன்றே 'பறிமுதல்' என்று எழுதுவதும் அவசரம்தான்.

ஜப்திக்கு எல்லையும் உண்டு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி இவற்றைத் தொடக்கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையையும்தான். தாலி அதில் அடங்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சட்டத் தமிழில் 'பற்றுகை' இருக்கிறது. பிடித்து வைத்தல் என்ற மூலப் பொருளை அப்படியே தருகிற சொல். எனக்கு இதுவே பிடித்தம், பேச்சில் ஜப்தியை அசைக்க முடியாது என்றாலும்.

அப்புறம், ஏலம். அதுவும் வந்த சொல்தான், போர்த்துக்கீசிய 'லெய்லாவ்'. மலையாளத்தில் இன்றும் 'லேலம்'. லகரத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபில் இல்லாததால், நம்மிடம் முன்னெழுத்து உதிர்ந்து ஏலம் ஆயிற்று.